ஆடாம படும்மா

இதைப் படிச்சுட்டு இருக்கிற ஃபோனை வெச்சே ஒரு வேலை செய்யலாம், வாங்க.

ஃபைஃபாக்ஸ் என்று ஒரு ஆப். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016ல் இலவசமாக வெளியிட்டது. ஃபோனுக்குள் இருக்கிற சென்சார்கள் என்ன சொல்கின்றன என்று அப்படியே காட்டும். அதை இறக்கி, முடுக்கத்தை அளக்கிற பகுதியைத் திறங்க. ஃபோன் கவரைக் கழற்றிடுங்க. மல்லாந்து படுத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் திரை மேலே பார்க்கிற மாதிரி ஃபோனை வைத்து, ரெக்கார்ட் போட்டு, பத்து எண்ணுகிற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கோங்க. ஆடக் கூடாது. பேசக் கூடாது. ரூம்மேட் சிரிச்சாலும் சிரிக்கக் கூடாது.

இப்போ எடுத்து இசட் அச்சுக் கோட்டைப் பாருங்க. முதல் பார்வைக்கு வெறும் நடுக்கம்தான் தெரியும். கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த நடுக்கத்துக்குள்ளே ஒரு ஒழுங்கு இருக்கும். ஒரு பெரிய முடிச்சு, பக்கத்திலேயே ஒரு சின்ன முடிச்சு, அப்புறம் கொஞ்சம் வெறுங்கோடு. மறுபடி பெரிசு, சின்னது, வெறுங்கோடு. பெரிய முடிச்சு, இதயம் சுருங்கி மகாதமனி வால்வு திறக்கிற நேரம். சின்ன முடிச்சு, அந்த வால்வு மூடுகிற நேரம். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிற லப்-டப்புக்குப் பக்கத்து வீடு என்று வெச்சுக்கலாம்.

மூணாவது வருஷம் ஒரு ராத்திரி ஹாஸ்டலில் இது எனக்கு முதல் தடவை தெரிந்தபோது, நான் கத்தின கத்தில் பக்கத்து ரூம்காரிகள் எழுந்து வந்துட்டாங்க. அன்றைக்கு ராத்திரி எங்க மாடியில் இருந்த எல்லாருடைய இதயத்தையும் பார்த்தோம். மினி புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைச்சது அப்படித்தான். மற்றபடி இலக்கு, லட்சியம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது.

இது எப்படி நடக்குது என்று கேட்டால், நம்ம ஜில்லா பிள்ளைகளுக்கு நியூட்டனின் மூன்றாம் விதியை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ராக்கெட் விட்டிருக்கோம். நெருப்பு கீழே போகுது, ராக்கெட் மேலே போகுது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ 70 மில்லி ரத்தத்தை, ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு, வேகமாக வெளியே தள்ளுது. ரத்தம் ஒரு பக்கம் போனால் உடம்பு மறுபக்கம் துளி உதைபடும். அது போக, இதயம் சுருங்கும்போது லேசாக முறுக்கிக்குது, வால்வுகள் மூடித் திறக்குது. எல்லாம் சேர்ந்து நெஞ்சுச் சுவரில் தட்டுது. தட்டு ரொம்பச் சின்னது. புவியீர்ப்பு ஒரு ஜி என்றால், இது நூறில் ஒரு பங்கு போல. நிறையப் பேருக்கு அதுக்கும் கீழே.

சின்னது என்றாலும் இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. மளிகை மண்டியில் வட்ட முள் வைத்த பழைய எடை மிஷினில் ஏறி நின்றவர்களுக்குத் தெரியும்: “ஆடாம நில்லுப்பா” என்று எவ்வளவு சொன்னாலும் முள் நிற்காது. 1877லேயே ஜே. டபிள்யூ. கோர்டன் என்பவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஸ்பிரிங் எடை மிஷினில் ஆள் அசையாமல் நின்றாலும், முள் மட்டும் நாடியோடு சேர்ந்து ஆடுகிறது என்று. அதற்கு அறுபது வருஷம் கழித்து அமெரிக்காவில் ஐசக் ஸ்டார் என்ற மருத்துவர், ஆளைப் படுக்க வைக்கிற மேசையையே ஆட விட்டு, அந்த ஆட்டத்தை அளந்தார். அப்புறம் ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் நன்றாக வளர்ந்ததும் இதை ஓரமாக வைத்துவிட்டார்கள். 1990 வாக்கில் சலேர்னோ, சனெட்டி என்ற இரண்டு பேர் சென்சாரை நேராக நெஞ்செலும்பு மேலேயே வைத்து அளந்து, மறுபடி இதைப் பேச வைத்தார்கள். இந்த முறைக்கு சைஸ்மோ கார்டியோகிராபி என்று பேர். முன்பாதி, நிலநடுக்கத்துக்கான சொல். நிலம் நடுங்குவதை அளக்கிற மாதிரி நெஞ்சு நடுங்குவதை அளக்கிறது.

அப்போது அந்த சென்சாருக்கு லேப் வேண்டும். இப்போது அது எல்லார் பாக்கெட்டிலும் கிடக்குது, அதுவும் ஃபோனைத் திருப்பினால் திரை திரும்ப வேண்டும் என்பதற்காக. உள்ளே இருக்கிறது ஒரு துளி சிலிக்கான். மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்குது. அதன் ஓரத்தில் சீப்பு மாதிரிப் பற்கள், எதிரே அசையாத இன்னொரு சீப்பு. ஃபோன் அசைந்தால் தொங்குகிற துண்டு பின்தங்கும், பற்களுக்கு நடுவே இடைவெளி மாறும், கெப்பாசிட்டன்ஸ் மாறும். இரண்டாம் வருஷம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின அதே கெப்பாசிட்டன்ஸ்தான்.

2023ல் சந்திரயான்-3 கூடவே போன இல்சா என்ற கருவியும் இதே குடும்பம். ஸ்பிரிங், சீப்புப் பற்கள், கெப்பாசிட்டன்ஸ். நிலாவுக்குப் போன முதல் மெம்ஸ் கருவி என்று இஸ்ரோ அறிவித்தது. அது ஆகஸ்ட் 25 அன்று பிரக்யான் ரோவர் உருண்டு போன அதிர்வைப் பதிந்தது. மறுநாள் 26 அன்று இன்னொன்றைப் பதிந்தது: ரோவர் இல்லை, லேண்டர் இல்லை, இயற்கையானது போலத் தோன்றுகிற ஒரு அதிர்வு. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நிலாவை விட வேறொன்றுதான் பிடிச்சிருந்தது. கருவிக்கு எல்லா ஆட்டமும் ஒன்றுதான். இது யாரோட ஆட்டம் என்று சொல்ல வேண்டியது நாம்.

எங்க புராஜெக்டின் முக்கால்வாசி நாள் அந்தக் கேள்விக்கே போச்சு. மூச்சு ஆட்டம் மெதுவானது, அதைப் பிரிக்கிறது சுலபம். 5 முதல் 25 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும் விட்டு மீதியை வடிகட்டினால் போயிடும். மற்றதுதான் பாடு. காத்தாடி ஆட்டம். தண்ணி மோட்டார். ஹாஸ்டல் மாடிப்படியில் யாராவது தடதடன்னு இறங்கினால் கட்டில் ஆடும். ஃபோன் வேறு தன் பங்குக்குக் கழுத்தறுக்கும்: நொடிக்கு நூறு தடவை அளக்கச் சொன்னால் ஒரு நேரம் தொண்ணூறு, ஒரு நேரம் நூற்று மூணு. ஆண்ட்ராய்டு 12ல் இருந்து தனி அனுமதி வாங்காத ஆப்புக்கு 200 ஹெர்ட்ஸுக்கு மேல் தரவும் தராது. நமக்கு 100 போதும் என்பதால் அதில் தப்பித்தோம். கடைசியில் ஒரு வழி பண்ணினோம். நெஞ்சில் ஒரு ஃபோன், கட்டில் சட்டத்தில் ஒரு ஃபோன். ரெக்கார்ட் ஆரம்பிச்சதும் கட்டிலை மூணு தடவை விரலால் தட்டுவோம், இரண்டு ஃபோனின் நேரத்தையும் ஒன்றோடு ஒன்று பொருத்துவதற்கு. கட்டில் ஃபோனில் வருகிற ஆட்டம் வெளி ஆட்டம். நெஞ்சு ஃபோனில் மட்டும் வருவது ஆளுடைய ஆட்டம்.

பெரியவர்கள் இதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்றும் சொல்லிடறேன், ஏதோ காலேஜ் பொண்ணு விளையாட்டு என்று நினைச்சுடக் கூடாது. ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகக் குழு 300 பேர் நெஞ்சில் சாதாரண ஃபோனை வைத்துப் பார்த்து, 2018ல் சர்க்குலேஷன் இதழில் எழுதினார்கள். அந்த 300ல் பாதிப் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேல் அறைகள் ஒழுங்கு தப்பித் துடிக்கிற நோய். பக்கவாதத்துக்கு ஒரு முக்கியமான காரணம் அது. இருக்கிறவர்களையும் இல்லாதவர்களையும் ஃபோன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாகப் பிரித்தது. பெங்களூருவில் முதித் தண்ட்வதே, கௌரவ் பர்ச்சானி என்ற இரண்டு பேர் 2015ல் தொடங்கிய டோசீ, மெத்தைக்கு அடியில் ஒரு சென்சார் தாளைப் போட்டு, உடம்பைத் தொடாமலே துடிப்பும் மூச்சும் எண்ணுகிறது. கொரோனா காலத்தில் நிறைய ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கு அடியில் அது போச்சு.

ஒன்று மட்டும் கண்டிப்பா: இது மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை. நெஞ்சு வலித்தால் ஃபோனை நெஞ்சில் வைக்காதீங்க. 108க்கு அடிங்க.

‘விரலைக் கேமரா மேலே வெச்சாலே துடிப்பு காட்டுற ஆப் இருக்கே, இது எதுக்கு?’ என்று ரிவ்யூவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அதை முதலில் எங்க அப்பாவிடம்தான் சோதித்தேன். ஆப் மூணு தடவை ‘மறுபடி முயற்சி செய்யவும்’ என்றது. அப்பா விரலைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ரேகை தெரியாது. அலுமினியப் பொடி ஏறி ஏறி, எத்தனை சோப்பு போட்டாலும் ஒரு வெள்ளி மினுக்கம் போகாது. நெஞ்செலும்பில் பொடி ஏறாதே என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். நான் வெம்பக்கோட்டைப் பக்கம். எங்க பக்கம் ஃபேக்டரி என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆபீஸ் என்போம். தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ். வெடியில் அடைக்கிற கலவைக்குப் பேர் மருந்து. முதல் வருஷம் ஹாஸ்டலில் ஒருத்தி “உங்கப்பா என்ன பண்றார்?” என்றாள். “ஆபீஸ்ல மருந்து வேலை” என்றேன். ரொம்ப நாள் என்னை மெடிக்கல் ரெப் பொண்ணு என்றே நினைச்சுட்டு இருந்திருக்காள்.

அம்மாவும் பதினெட்டு வருஷம் பயராபீஸில் சரம் பின்னினாங்க. போன வருஷத்துக்கு முந்தின தீபாவளியோடு நின்னுட்டாங்க. காரணம் கேட்டால், “நெஞ்சு அப்பப்ப படபடன்னு அடிக்குது பாப்பா.” எப்பெப்போ என்றால், “அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போயிரும்.” ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தாங்க. நார்மல். சாதாரண ஈ.சி.ஜி. தாளில் இருக்கிறது பத்து நொடி போலத்தான். ஒரு நாளைக்கு இதயம் அடிக்கிறது ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை. அந்தப் பத்து நொடியில் படபடப்பு வரலைன்னா தாளில் ஒன்றும் இருக்காது. நல்ல விஷயம்தான், ஆனால் அம்மாவுக்கு அது கோபம். “நான் என்ன பொய்யா சொல்றேன்?”

போன மே மாசம் லீவுக்குப் போனபோது, டேட்டா சேர்க்கணும் என்று இரண்டு ஃபோனோடு போனேன். எங்ககிட்ட இருந்த ரெக்கார்டிங் எல்லாம் இருபது வயசு நெஞ்சுகள். நாற்பதுக்கு மேலே யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எடுத்தேன். 64. ஒரு நிமிஷத்திலேயே தூங்கிட்டார். குறட்டை அழகாக அலை அலையாக வந்து அந்த ஃபைலை நாசம் பண்ணியது.

அம்மாவை எடுத்தது வியாழக்கிழமை. காலை பதினொன்று இருக்கும். அப்பா வேலைக்குப் போயிருந்தார். சமையல் முடிஞ்சது. காத்தாடியை நிறுத்தினேன், வேர்த்துக் கொட்டுச்சு. அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, நெஞ்சில் என் ஃபோனையும் கட்டில் ஓரத்தில் அம்மாவோட பழைய ஃபோனையும் வைத்து, மூணு தட்டு தட்டினேன்.

“ஆடாம படும்மா. மூணே நிமிஷம்.”

“மூணு நிமிஷம் சும்மா படுன்னு இந்த வீட்ல யாரும் சொன்னதே இல்லயே” என்று சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாங்க.

இரண்டு நிமிஷம் ஆக இன்னும் கொஞ்சம்தான் இருந்திருக்கும். தும் என்று ஒரு சத்தம்.

சத்தத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லணும். எங்க ஊர்க்காரர்களுக்குச் சத்தத்தில் தரம் பிரிக்கத் தெரியும். கோயில் வேட்டு தனி. கல்யாண வீட்டுச் சரம் தனி. ஆபீஸில் சரக்கு சோதித்துப் பார்க்கிறது தனி. அது வரிசையாக வரும், நடுவில் இடைவெளி சீராக இருக்கும். ஐப்பசி இடி தனி. இது எதிலும் சேராமல் அடிவயிற்றில் இருந்து ஒரே ஒரு தடவை வருகிற சத்தம் ஒன்று இருக்கு. ஜன்னல் கம்பி அதிரும். அது வந்தால் யாரும் பேச மாட்டாங்க, வெளியே வந்து வானத்தைப் பார்ப்பாங்க, புகை எந்தத் திசையில் என்று. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர் போன அன்றைக்கு நான் மூணாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கேட்டில் கூட்டமாக நின்ற அம்மாக்களில் எங்கம்மாவைத் தேடியது ஞாபகம் இருக்கு. அன்றைக்கு அவங்க வேலைக்குப் போன ஆபீஸ் வேற பக்கம். அது எனக்கு அப்போ தெரியாது.

அந்த வியாழக்கிழமைச் சத்தம் அந்த ஜாதி.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிஞ்சுச்சு. தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தால் அம்மா அப்படியே படுத்திருக்காங்க. கண் மட்டும் அகலமாகத் திறந்து ஓட்டைப் பார்த்துட்டு இருக்கு. கை இரண்டும் பக்கத்தில், நான் வைத்த இடத்தில். நெஞ்சில் ஃபோன்.

“பாப்பா, இப்ப எந்திரிக்கட்டா?”

“என்னம்மா நீ, எந்திரிம்மா!”

“நீதான ஆடாம படுன்ன.”

அதுக்கு அப்புறம்தான் எழுந்தாங்க. ஃபோன் கட்டிலில் விழுந்துச்சு. இரண்டு பேரும் வெளியே ஓடினோம். அப்பாவுக்குப் போன் போட்டுப் பிரயோஜனம் இல்லை. பயராபீஸுக்குள்ளே செல்போன் கொண்டு போகக் கூடாது, கேட்டிலேயே கொடுத்துட்டுத்தான் போகணும். ஒரு பொறி போதும் அங்கே. செருப்பில் இருந்து சட்டை வரைக்கும் கணக்கு இருக்கு, ஒரு ரூமுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு இருக்கு, எல்லாம் நல்ல கணக்குதான். ஆனால் சத்தம் கேட்ட நாளில் கேட்டுப் பெட்டிக்குள்ளே முப்பது ஃபோன் சேர்ந்து அடிக்குமாம். அப்பா சொல்லியிருக்கார்.

தெருவில் எல்லாப் பொம்பளைகளும் நின்னுட்டு இருந்தாங்க. ஒருத்தர் கிழக்கே பார்க்கிறாங்க, ஒருத்தர் வடக்கே பார்க்கிறாங்க. அவங்கவங்க ஆள் போன ஆபீஸ் இருக்கிற திசை. யாரும் ஒரே பக்கம் பார்க்கலை. புகை எங்கேயும் இல்லை. இல்லாவிட்டாலும் யாரும் உள்ளே போகலை.

பதினொரு நிமிஷம் கழித்து ஒரு சித்தப்பா டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்தார். “மேலத்தோட்டத்துக் கெணத்துல பாறைக்கு வேட்டு வச்சிருக்காங்க. ஒண்ணுமில்ல, போய்ச் சோலியப் பாருங்க.” கோடையில் தண்ணி கீழே போனால் கிணற்றை ஆழப்படுத்துவாங்க. வருஷா வருஷம் நடக்கிறதுதான். “சொல்லிட்டு வைக்க மாட்டானா அவன்?” என்று எங்க தெரு முழுக்க அந்தத் தோட்டக்காரரைத் திட்டித் தீர்த்தது. அம்மா உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு, துணி ஊற வைக்கப் போயிட்டாங்க.

ராத்திரி அந்த ஃபைலைத் திறந்தேன்.

முதல் இரண்டு நிமிஷம் எவ்வளவு சுத்தமான ரெக்கார்டிங் தெரியுமா? எங்க எல்லா ஃபைலிலும் அதுதான் அழகு. முடிச்சு, சின்ன முடிச்சு, வெறுங்கோடு. 78, 77, 78. ஒரு துடிப்புகூட ஒழுங்கு தப்பலை. அப்புறம் வேட்டு. கட்டில் ஃபோனில் ஒரு மெல்லிய துள்ளல். அதே நேரத்தில் நெஞ்சு ஃபோனிலும் மெல்லிய துள்ளல், அது வீடு ஆடினது. அதற்கு ஏறத்தாழ நொடியில் ஆறில் ஒரு பங்கு கழித்து, நெஞ்சு ஃபோனில் மட்டும், அதைப் போலப் பல மடங்கு பெரிய துள்ளல். அது வீடு இல்லை. ஆடாம படுத்திருந்தாங்க என்று நான் நினைச்சுட்டு இருந்தேன்.

எங்க வடிகட்டியால் இதை ஒன்றும் பண்ண முடியாது. பாறை வேட்டின் அதிர்வும் அதே 5 முதல் 25 ஹெர்ட்ஸுக்குள் தாராளமாக வரும், திடுக்கிட்டுத் தூக்கிப் போடுகிற உடம்பும் அதற்குள்தான் வரும். துள்ளலுக்கு அடியில் இரண்டு மூணு துடிப்பு புதைஞ்சு போச்சு. அப்புறம் மறுபடி முடிச்சுகள் தெரியுது. ஆட்டோகோரிலேஷன் எல்லாம் வேண்டாம் என்று திரையில் ஸ்கேலை வைத்துக் கையாலேயே எண்ணினேன். 92. 97. 104. ஒழுங்கு அப்பவும் தப்பலை. வேகம் மட்டும்தான். முடிச்சும் முன்னைவிட உயரம். 25 நொடி அப்படியே போய், அம்மா எழுந்த இடத்தில் கோடு திரையைத் தாண்டிப் போகுது.

அந்த 25 நொடியும் எங்கம்மா கையைக்கூட அசைக்கலை என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. என் ரெக்கார்டிங் கெட்டுடும் என்று.

காலையில் இட்லிக்குச் சட்னி அரைச்சுட்டு இருந்தாங்க. கேட்டேன். “நேத்து சத்தம் கேட்டப்ப அடிச்சுச்சே, நீ சொல்ற படபடப்பு அதுதானா?”

மிக்ஸியை நிறுத்தி யோசிச்சாங்க. “ஆமா. அதேதான்.” அப்புறம், “ஆனா சத்தம் இல்லாமலும் வருமே” என்றாங்க. மறுபடி மிக்ஸியைப் போட்டாங்க.

காலேஜுக்குத் திரும்பி வந்து டேட்டாவைக் காட்டியபோது எங்க கைடு சார் அந்த ஃபைலைப் பார்த்து, “மோஷன் ஆர்டிஃபாக்ட். தூக்கிரு” என்றார். அவர் சொன்னது சரிதான். சராசரி ஆட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் போனால் அந்தப் பகுதி செல்லாது என்று விதி எழுதினதே நான்தான். தூக்கிட்டேன். ரிப்போர்ட்டில் அம்மா இல்லை. ரிப்போர்ட்டில் இருக்கிறது இதுதான்: அசையாமல் படுத்திருந்தால் ஏடி8232 போர்டில் எடுத்த ஈ.சி.ஜி.யோடு எங்க ஃபோன் எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றிரண்டு துடிப்புக்குள் ஒத்துப் போகுது. ஒல்லியானவர்களுக்கு நன்றாக வருது, குறட்டை விடுகிறவர்களுக்கு வராது. மார்க் நல்லாவே போட்டாங்க.

ஃபைல் என்னிடம் இருக்கு. அதை எடுத்துட்டு ஒரு டாக்டரிடம் போனேன். ஃபோன் கோட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார், அதுவும் சரிதான். ஆனால் பொறுமையாகப் பார்த்தார். “நார்மல் ஈ.சி.ஜி. இருக்கு, ஆனா கம்ப்ளைன்ட் போகல. அப்ப ஹோல்டர் போட்டுப் பாத்துருவோம்” என்றார். ஹோல்டர் என்றால் நெஞ்சில் மின்முனைகளை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க ஈ.சி.ஜி. எடுக்கிறது. கூடவே ஒரு தாள் கொடுப்பாங்க. படபடப்பு வந்தால் மணி எத்தனை, அப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க என்று அதில் எழுதணும். பெட்டிக்கு அது தெரியாது இல்லையா.

ரிசல்ட் வந்துச்சு. இடையில் சில துடிப்பு முந்திக்கொண்டு வந்திருக்கு, அது நிறையப் பேருக்கு வருவதுதான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அம்மாவுக்கு நிம்மதியா, ஏமாற்றமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை.

டாக்டர் அந்தத் தாளை எடுத்துப் பெட்டியில் பதிவான நேரத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அம்மா பென்சிலில் எழுதியிருந்தாங்க.

8.05 – அவர் கிளம்பியாச்சு.

10.40 – சத்தம். சோதனைதான்.

1.15 – தூரத்தில் சத்தம். என்னன்னு தெரியல.

5.30 – வேன் வரல.

5.50 – வேன் வரல.

6.20 – வந்தாச்சு.

டாக்டர் கடைசி வரியில் பேனாவை வைத்தார். “6.20க்கு ஒண்ணும் இல்லையேம்மா. நார்மலாத்தான் இருக்கு. அப்ப படபடப்பு வந்துச்சா?”

“இல்ல டாக்டர்” என்றாங்க அம்மா. “அது அவரு வந்த நேரம். சும்மா எழுதினேன்.”